வாட்டர் போலோ ஆடுவது எப்படி? காலிலிருந்து தொடங்குவோம்

நீந்திக்கொண்டே பந்தை எதிரணியின் கோலுக்குள் அடிக்கும் ஆட்டமான வாட்டர் போலோவை டிவியில் பார்த்தால் பந்தும் கைகளும் தெறிக்கிற தண்ணீரும்தான் தெரியும். ஆனால் ஆட இறங்கியவர்களுக்கு முதலில் களைத்துப்போவது கால்தான். எட்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. பந்து ஆட்டத்தில் இல்லாதபோதெல்லாம் கடிகாரத்தை நிறுத்துவார்கள். அவ்வளவு நேரமும் தரையில் கால் ஊன்றக் கூடாது, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கவும் கூடாது. அதனால் விதிகளுக்கு முன்னால் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 200 மீட்டராவது நிற்காமல் நீந்த வருபவர்களுக்காக எழுதுகிறேன். அது இன்னும் கைவரவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: எக்பீட்டர் உதை

ஆழத் தண்ணீரில் நாற்காலியில் உட்காருவதுபோல் இருங்கள். முதுகு நிமிர்ந்து, தொடைகள் முன்னால் உயர்ந்து, முட்டிகள் தோளைவிடச் சற்று அகலமாக விரிந்திருக்க வேண்டும். இப்போது முட்டிக்குக் கீழே மட்டும் வட்டம் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் இடது கால் கடிகாரம் சுற்றும் திசையிலும், வலது கால் அதற்கு எதிர்த் திசையிலும் சுற்றும். இரண்டும் ஒரே நேரத்தில் அல்ல, மாறி மாறி.

இந்த மாறி மாறி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரு காலையும் சேர்த்து உதைப்பதால் உடம்பு ஒவ்வோர் உதைக்கும் மேலே போய் இறங்கும். எக்பீட்டரில் எப்போதும் ஒரு கால் தண்ணீரை அழுத்திக்கொண்டே இருப்பதால் தோள் ஒரே மட்டத்தில் நிற்கும். தோள் நின்றால்தான் குறிபார்த்து வீச முடியும்.

முதலில் கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு பழகுங்கள். அப்புறம் மணிக்கட்டு வரை கையை வெளியே எடுங்கள், பிறகு முழங்கை வரை. இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி அரை நிமிடம் வாய்க்குள் தண்ணீர் போகாமல் நிற்க முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். முட்டியின் உள்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இடுப்பு இறுக்கமாக இருப்பவர்கள் வட்டம் முழுவதையும் முட்டியிலேயே திருப்பப் பார்ப்பார்கள். கரையில் இடுப்பை விரிக்கும் பயிற்சிகளைச் செய்துவிட்டு இறங்குவது நல்லது.

படி 2: தலை தூக்கி நீந்துங்கள்

ஃப்ரீஸ்டைல்தான், ஆனால் முகம் தண்ணீருக்கு வெளியே, முழங்கையையும் உயர்த்தி. பந்தை இரு கைகளுக்கு நடுவில் விட்டு நீந்தினால், நீங்கள் தள்ளுகிற அலையிலேயே அது முன்னால் மிதந்து போகும். கையால் தட்டாதீர்கள். இது வேகத்துக்காக மட்டும் இல்லை. பந்து கையில் இல்லாதவரை உங்களை யாரும் பிடிக்கவோ அமுக்கவோ கூடாது என்பது விதி. கையில் எடுத்த நொடியே அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

படி 3: ஒற்றைக் கையால் பந்து

கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரு கையாலும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. ஆண்கள் பந்தின் சுற்றளவு 68 முதல் 71 செ.மீ., பெண்கள் பந்து அதைவிடச் சற்றுச் சிறியது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். வீசும்போது முழங்கை தண்ணீருக்கு மேல், எதிர்க் கால் முன்னால், இடுப்பு திரும்பிய பிறகு தோள், கடைசியில் மணிக்கட்டு. பாஸில் இரண்டு வகை: நண்பரின் கைக்கே போவது ஒன்று, அவர் பக்கத்துத் தண்ணீரில் விழுவது இன்னொன்று. மையத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது வகைதான் உதவும்.

படி 4: களம்

ஓர் அணிக்குக் கோல்கீப்பரோடு ஏழு பேர் தண்ணீரில். கோல் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேல் 90 செ.மீ. உயரம். ஆழம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரு அணிக்கும் வேறு வேறு நிறத் தொப்பி, காதைக் காக்கும் மூடியோடு. கோல்கீப்பருக்கு மட்டும் சிவப்பு. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஆண்கள் களம் 30 மீட்டர், பெண்கள் களம் 25 மீட்டர் நீளம். அந்தப் போட்டியில் பந்து கிடைத்த அணி 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டியிருந்தது. இந்த அளவுகளை அடிக்கடி திருத்துகிறார்கள், நீங்கள் ஆடும் போட்டியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: யார் எங்கே

எதிரணி கோலுக்கு முன்னால் ஒரு வளைவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோலைப் பார்த்து நின்றால் வலது ஓரத்தில் 1, அதற்கு மேலே 2, நடு உச்சியில் 3, இடப்பக்கம் 4, இடது ஓரத்தில் 5. வளைவின் உள்ளே, கோலிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில், கோலுக்கு முதுகு காட்டி நிற்பவர் 6, அதாவது சென்டர் ஃபார்வர்ட்.

ஆட்டம் முழுக்க இந்த ஆறாமவரைச் சுற்றித்தான். அவர் முதுகில் எதிரணியின் சென்டர் பேக் ஒட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் இடம் பிடிக்க, மற்றவர் பாஸை மறிக்க, தண்ணீருக்கு அடியில் நான்கு கால்களும் ஓயாது. ஆறாமவர் கோல் போடாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்குப் பயந்து எதிரணி உள்ளே குவிந்தால் வெளியே இருப்பவர்களுக்கு வழி திறக்கும். அவரைப் பிடித்து இழுத்தால் ஃபவுல் கிடைக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பந்தை விட்டுவிட்டு ஒரு சுற்று முழுக்க இவர்கள் இருவரை மட்டும் கவனியுங்கள். ஆட்டம் பிடிபட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

1, 2 ஆகிய இடங்கள் இடதுகைக்காரர்களுக்கு வாகானவை, அங்கிருந்து அவர்களுக்குக் கோல் அகலமாகத் திறக்கும். 2016, 2020, 2024 என மூன்று ஒலிம்பிக் தங்கங்களைத் தொடர்ந்து வென்ற செர்பியாவில் ஃபிலிப் ஃபிலிப்போவிச், துஷான் மண்டிச் என்று இரண்டு பெரிய இடதுகைக்காரர்கள் ஆடியிருக்கிறார்கள். உங்கள் குழுவில் ஓர் இடதுகைக்காரர் இருந்தால் அவரை வலப்பக்கமே போடுங்கள்.

படி 6: விசில் ஊதினால்

சாதாரண ஃபவுல்களுக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆட்டம் நீண்ட நேரம் நிற்காது, நடுவர் ஒரு கையால் திசை காட்டியதும் பந்தை எடுத்துத் தொடர வேண்டியதுதான். 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே கிடைத்தால் நேராகக் கோலுக்கே அடிக்கலாம். புதியவர்கள் அதிகம் மாட்டுவது இதில்: எதிரி தாக்கும்போது உங்கள் கையிலுள்ள பந்து தண்ணீருக்குள் போனால் ஃபவுல் உங்கள்மேல்தான், அவரே உங்கள் கையை அமுக்கியிருந்தாலும். நெருக்கினால் பந்தை விட்டுவிடுங்கள். விட்ட பிறகும் அவர் உங்களைப் பிடித்திருந்தால் தப்பு அவருடையது.

பந்து கையில் இல்லாதவரை அமுக்குவது, பின்னுக்கு இழுப்பது, வேண்டுமென்றே முகத்தில் தண்ணீர் அடிப்பது ஆகியவை வெளியேற்றும் ஃபவுல்கள். செய்தவர் சுமார் 20 வினாடி களத்தின் மூலையில் ஒதுங்க வேண்டும். அதற்குள் கோல் விழுந்தாலோ அவர் அணிக்குப் பந்து கிடைத்தாலோ திரும்பலாம். இப்படி மூன்று முறை ஆனால் அன்றைய ஆட்டம் அவருக்கு அவ்வளவுதான். கோல் விழவேண்டிய நேரத்தில் 6 மீட்டருக்குள் தடுத்து ஃபவுல் செய்தால் பெனால்டி, 5 மீட்டரிலிருந்து.

அடிதடிக்கு இந்த ஆட்டத்தின் விதியில் இடமில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, சோவியத் யூனியனை 4-0 என்று முந்தியிருந்தபோது ஹங்கேரி வீரர் எர்வின் ஸாடோரின் முகத்தில் விழுந்த குத்தில் ரத்தம் கொட்டியது. கூட்டம் கொந்தளிக்க, ஆட்டத்தை முன்கூட்டியே முடித்தார்கள். ஹங்கேரிய எழுச்சியைச் சோவியத் படைகள் நசுக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. இன்றைய விதியில் அப்படிக் குத்துபவர் முழுமையாக வெளியேற வேண்டும், எதிரணிக்குப் பெனால்டி, அதோடு அவர் அணி நான்கு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

படி 7: ஆறுக்கு ஐந்து

தடுக்கும் அணியில் ஒருவர் வெளியேறியதும் தாக்கும் அணி 4-2 என்று அணிவகுக்கும்: நான்கு பேர் கோலுக்கு முன்னால் சுமார் 2 மீட்டரில் ஒரு வரிசையாக, இரண்டு பேர் அவர்களுக்குப் பின்னால் வெளியே. பந்து வேகமாகச் சுற்றும். தடுப்பவர்கள் கை தூக்கி ஆளுக்கு ஆள் தாவுவார்கள். யாருக்கு முன்னால் கை இல்லையோ அவர் அடிக்க வேண்டும். பாஸ் மெதுவாக வந்தால் இந்த வாய்ப்பே வீண்.

முதல் மாதம் ஏழு பேர் ஆட்டம் வேண்டாம். குளத்தின் பாதியில் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடுங்கள், ஒருவர் கட்டாயம் மையத்தில். இறங்கும் முன் எல்லோரும் நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிகளிலும் நடுவர்கள் அதைச் சோதித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க விடுவார்கள்.