பெரி பறிக்கப் போகிறீர்களா? பாத்திரத்தின் ஆழத்தைப் பாருங்கள்

ஜூன் பிறந்ததும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஒன்டாரியோவிலும் 'யூ-பிக்' பண்ணைகளில், அதாவது நாமே பறித்து வாங்கிவரும் பண்ணைகளில், ஸ்ட்ராபெரி தொடங்கிவிடும். ஜூலையில் ராஸ்ப்பெரியும் ப்ளூபெரியும் வரும். பார்த்துப் பார்த்துப் பறித்த பழம் வீடு சேருமுன் நசுங்கிச் சாறாகிறதென்றால், பெரும்பாலும் காரணம் கொண்டுபோன பாத்திரம்தான்.

கிளம்புமுன் பண்ணைக்கு ஒரு போன் போடுங்கள். பெட்டிக் கணக்கில் விற்கும் பண்ணைகள் பல வெளிப்பாத்திரத்தை விடுவதில்லை. எடைக்கு விற்பவர்களென்றால், செடிப்பக்கம் போவதற்கு முன்பே காலிப் பாத்திரத்தை நிறுத்து, அந்த எடையை டேப்பில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நிரப்பிய பிறகு கேட்டால் பாத்திரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டி வரும்.

ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு ஆழம் உண்டு. ராஸ்ப்பெரியைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும். கையில் வருவது விரல்நுனியில் மாட்டிக்கொள்ளலாம் போன்ற உள்ளே வெற்றான பழம். தன் மேலுள்ள பழத்தின் பாரத்தையே அது தாங்காது. 7 செ.மீ. உயரத்துக்கு மேல் குவிக்க வேண்டாம். இரண்டு மூன்று அடுக்கு போதும். பிளாக்பெரிக்கு நடுத்தண்டும் கூடவே வந்துவிடும், அதனால் சற்றுத் தாங்கும். ஸ்ட்ராபெரியை 12 செ.மீ. வரை அடுக்கலாம், பச்சைத் தொப்பியும் சிறு காம்பும் ஒட்டியிருக்கும்படி கிள்ளினால். ப்ளூபெரி கெட்டி, வாளியிலேயே பறிக்கலாம்.

ப்ளூபெரிக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையைக் குலைக்கடியில் ஏந்தி, மறு கையின் கட்டைவிரலால் உருட்டிவிட்டால் பழுத்தது தானாக உதிரும். காம்படியில் செம்மை தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது இன்னும் புளிக்கும். இப்படிப் பறிக்க இடுப்பு வாளி அவசியம். கடைகளில் கிடைக்கும் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) பிளாஸ்டிக் பால் கேன் காலியானதும் அதுவே போதும்:

1. கேனைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்க உலர விடுங்கள்.
2. கைப்பிடியைத் தொடாமல், அதற்கு எதிர்ப்பக்கத் தோளை வாயோடு சேர்த்து வெட்டி எடுங்கள். முழுக் கையும் தாராளமாக உள்ளே போய்வர வேண்டும்.
3. வெட்டிய விளிம்பில் டேப்பை மடித்து ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் மணிக்கட்டைக் கீறும்.
4. கைப்பிடிக்குள் பெல்ட்டை நுழைத்து இடுப்பில் கட்டுங்கள்.

கேன் நிரம்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் போகும், பெல்ட்டும் கீழே இழுக்கும். பாதியானதுமே நிழலில் வைத்த அகலமான டிரேயில் மெல்லச் சரித்துவிடுங்கள். கொட்டாதீர்கள். பழத்தின் மேலுள்ள அந்த வெண்சாம்பல் பூச்சு இயற்கையான மெழுகு, பழத்தை வாடாமல் காப்பது. தேய்த்தால் போய்விடும்.

ராஸ்ப்பெரிக்கு இந்தக் கேன் ஆகாது. ஒருமுறை இடம் மாற்றினாலே அடிபடும் பழம் அது. ஃப்ரிட்ஜில் எந்தப் பெட்டியில் வைக்கப்போகிறீர்களோ, அந்தத் தட்டைப் பெட்டியிலேயே நேராகப் பறித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். தூக்கியதும் பக்கவாட்டில் அழுத்திப் பிழிந்துவிடும். கண்ணாடிப் பாத்திரம் உடைந்தால் சில்லு செடிக்கடியில் கிடந்து அடுத்தவர் கையைக் கிழிக்கும். ஈரப் பாத்திரமும் இறுக்கி மூடிய டப்பாவும் சாம்பல் பூஞ்சைக்கு வழி விடும். வெயிலில் நிறுத்திய கார் டிக்கி இவை எல்லாவற்றையும்விட மோசம், பழத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் கூலர் பெட்டியை மறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடியிலுள்ளதை முதலில் பாருங்கள். நசுங்கியதை அன்றே ஜாமுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது கழுவினால் போதும்.