ஏ டு இசட் அட்டவணையை ஓரம் கட்டினேன்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலையில் ட்யூஷன் எடுக்கிறேன். ஆங்கில வினைச்சொல் அட்டவணை பிள்ளைகள் மண்டையில் நிற்கவே இல்லை, அதனால் அகரவரிசையை விட்டுவிட்டு ஓசையை வைத்துப் பிரித்தேன். சிங்–சேங்–சங், ட்ரிங்க்–ட்ரேங்க்–ட்ரங்க் ஒரு கூட்டம். பை–பாட், திங்க்–தாட், டீச்–டாட் இன்னொன்று. கட், புட், ஹிட் மூன்றும் மாறவே மாறாது, வேலை மிச்சம். பிரிங் மட்டும் முதல் கூட்டத்து ஆள் மாதிரி வந்து, பிராட் என்று இரண்டாவதில் போய் உட்காரும், இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம், சங், ட்ரங்க் போன்ற மூன்றாம் வடிவத்தைத் தனியாகக் கேட்பதே இல்லை, ஹேவ் சேர்த்துத்தான்: ‘ஐ சா ஏற்காடு லேக் யெஸ்டர்டே’, ‘ஐ ஹேவ் சீன் ஏற்காடு லேக்’. யெஸ்டர்டே இருந்தால் ஹேவ் வராது. இப்போது யாராவது ‘ஹேவ் சா’ என்றால் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு முன்பே திருத்துகிறான், கொஞ்சம் சத்தமாகவே.