சாட்ஜிபிடி தரும் ஆதாரத்தை அதனிடமே சரிபார்க்காதீர்கள்

அலுவலகக் கடிதத்துக்கோ அறிக்கைக்கோ சாட்ஜிபிடி ஒரு தீர்ப்பையோ அரசாணை எண்ணையோ எடுத்துக் கொடுத்தால், "இது உண்மைதானா?" என்று அதனிடமே திருப்பிக் கேட்காதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் அப்படித்தான் கேட்டார். உண்மைதான் என்று அது அடித்துச் சொன்னது. ஆனால் மனுவில் காட்டியிருந்த 6 தீர்ப்புகளை எந்த நீதிமன்றமும் வழங்கியதே இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதும் கருவி அது. இல்லாத வழக்குக்கும் எண், தேதி, நீதிபதி பெயர் எல்லாம் கச்சிதமாக எழுதித் தரும். அதனால் எண்ணை எடுத்து நீதிமன்றத்தின் தளத்திலோ துறையின் தளத்திலோ தேடுங்கள். கிடைத்தாலும் திறந்து படியுங்கள். சில சமயம் தீர்ப்பு இருக்கும், சொன்ன கருத்து அதில் இருக்காது. கிடைக்கவே இல்லையா, தயங்காமல் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.