அப்பாவின் கிளாரினெட்டை எடுத்தபோது: எது நம் வேலை, எது ரிப்பேர்காரர் வேலை

ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. கல்யாண பேண்டில் அப்பா வாசித்த கிளாரினெட்டைப் பதினாலு வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கியபோது கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது, துளைகளை மூடும் கீகளின் அடியில் இருக்கும் சின்ன மெத்தைகளான பேடுகளின் மெல்லிய தோல் கிழிந்திருந்தது, ஊசி ஸ்பிரிங்குகளில் துரு. மரம் மட்டும் நன்றாக இருந்தது.

முதலில் அது மரம்தானா என்று பாருங்கள். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் செய்த பழைய கருவி வெளுத்துப் பழுப்பும் பச்சையுமாகத் தெரியும். துணியால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். மரமென்றால் வெயில் வெளிச்சத்தில் நீளவாக்கில் விரிசல் தேடுங்கள், முக்கியமாக மேல்பகுதியில். மர ரேகையும் விரிசல் போலத்தான் இருக்கும். நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள், தட்டுப்பட்டால் சந்தேகம்தான். அந்தக் கருவியை ஊதாதீர்கள், பசையும் தடவாதீர்கள். பசை தப்பாக உள்ளே போய்விட்டால், பிறகு நல்ல ரிப்பேர்காரருக்கும் அது இரட்டை வேலை.

தைரியமாக வீட்டில் செய்யக்கூடியது மூட்டு கார்க், அதாவது கருவியின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் சுற்றியிருக்கும் கார்க். பழையதைச் சுரண்டுவதற்கு முன் பக்கத்து மரத்தில் டேப் சுற்றிவிடுங்கள். மூட்டில் கார்க்குக்கென்று இருக்கும் பள்ளத்தின் அகலத்துக்கு, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கார்க் ஷீட்டில் ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையைச் சாய்வாகச் சீவுங்கள். செருப்புக்கு ஒட்டுகிற மாதிரி கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு சாய்வு முனையிலிருந்து இழுத்துச் சுற்றி, மறுமுனையை அதன் மேல் ஏற்றி ஒட்டுங்கள். அப்புறம்தான் பொறுமை வேண்டும். மெல்லிய உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, கார்க் கிரீஸ் தடவி, மாட்டிப் பாருங்கள். இறுக்கமென்றால் திரும்பத் தேய்க்கலாம். ஒரு தடவை அதிகமாகத் தேய்த்துவிட்டால் மூட்டு ஆடும், மறுபடி முதலிலிருந்துதான். எனக்கு முதல் மூட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

பேடு காற்றுப் பிடிக்கிறதா என்று பார்க்க சிகரெட் சுற்றுகிற தாள் போதும். மெல்லிய பட்டையாகக் கிழித்து, பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, கீயை லேசாக மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். மேல்பகுதியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன கீகளின் பேடை நானே மாற்றினேன். பேடை ஒட்டியிருக்கும் பசை இளக, கீயைக் கழற்றி, தள்ளி வைத்துத்தான் சூடு காட்டினேன். மரத்துக்கோ எபோனைட்டுக்கோ பக்கத்தில் நெருப்பு வரவே கூடாது. கீழ்ப்பகுதியின் பெரிய பேடுகளைத் தொடவில்லை. சுண்டுவிரல் கீகள் ஒன்றை ஒன்று இழுக்கும், ஒரு பேடு கால் மில்லிமீட்டர் உயர்ந்தாலும் அடுத்தது மூடாது. அந்தக் கணக்கு ரிப்பேர்காரர் கைக்குத்தான் தெரியும். துருப்பிடித்த ஸ்பிரிங்கும் வளைந்த கீயும் அவருக்கே. இறுகின ஸ்க்ரூவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள், காலையிலும் அசையவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ரிப்பேர்காரரைத் தேட பேண்டு செட்காரர்களைக் கேளுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்கும். முன்பு ஒரு ரிப்பேர்காரர் கார்க் வைக்காமல், மூட்டில் நூலைச் சுற்றுவதற்காக மரத்தையே அரத்தால் ராவிவிட்டார். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். அதனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் போட்டோ எடுங்கள். கார்க் வைப்பாரா நூல் சுற்றுவாரா, என்ன பசை போடுவார் என்று நேராகவே கேளுங்கள்.

திரும்பி வந்ததும் ஆசையில் ஒரு மணி நேரம் ஊதிவிடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம் திடீரென்று மூச்சின் ஈரத்தைக் குடித்தால் வெடிக்கும். முதல் இரண்டு வாரம் தினம் பத்தே நிமிடம், ஊதி முடித்த உடனே உள்ளே துணி விட்டுத் துடையுங்கள்.