காலிதான் என்று யார் சொன்னது?

"துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது எதிர்பாராமல் வெடித்தது." நாளிதழில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். உள்ளே தோட்டா இருப்பது தெரிந்தா அவர் துடைக்க உட்கார்ந்தார்? காலி என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருப்பார். லோடு ஆகியிருப்பது தெரிந்த துப்பாக்கியை எல்லாருமே பயபக்தியோடுதான் பிடிக்கிறார்கள். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் 'காலித் துப்பாக்கி'.

அமெரிக்க மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர், 1976இல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பரப்பிய நான்கு விதிகளில் முதலாவது, எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் லோடு ஆகித்தான் இருக்கிறது என்பது. மற்ற மூன்றும் இதிலிருந்து வருபவை: சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும்வரை ட்ரிகரில் விரல் வைக்காதே, குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள்.

"எப்போதும் லோடு என்றால் எப்படித்தான் துடைப்பது?" என்று சிலர் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். சோதிக்காதே என்று விதி சொல்லவில்லை. சோதித்த பிறகும் கையின் பழக்கத்தை மாற்றாதே என்கிறது. மூளை தப்புக் கணக்குப் போட்டாலும் குழல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓட்டை சுவரில்தான் விழும்.

முதல் தவறு, அடுத்தவர் வாயையோ தன் நினைப்பையோ நம்புவது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் நடந்த ஒரு படப்பிடிப்பில், 'கோல்ட் கன்', அதாவது உள்ளே ஆபத்தாக எதுவும் இல்லை என்று அறிவித்துத்தான் நடிகர் கையில் ரிவால்வர் வந்தது. அதிலிருந்து வந்த நிஜத் தோட்டாவில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் 2004இல் நடந்தது இன்னும் விசித்திரம். பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுத்த போதைப்பொருள் தடுப்பு அதிகாரி, காலி என்று நம்பிய கைத்துப்பாக்கியால் அவர்கள் கண் முன்னாலேயே தன் காலைச் சுட்டுக்கொண்டார். வெறும் கவனக்குறைவு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அனுபவசாலிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது என் எண்ணம். புதியவனுக்குப் பயம் இருக்கும்.

இரண்டாவது தவறு, மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை, உருவினால் வேலை முடிந்தது என்று நினைப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிஸ்டலில் தோட்டா இருக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று கைப்பிடிக்குள் போகும் மேகசின். இன்னொன்று சேம்பர், குழலின் பின்முனையில் சுடத் தயாராக ஒற்றைத் தோட்டா உட்காரும் அறை. மேகசினை எடுத்தாலும் சேம்பரில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். பல பிஸ்டல்கள் மேகசின் இல்லாமலும் அந்த ஒன்றைச் சுட்டுவிடும்.

அதைவிட மோசம் வரிசையை மாற்றுவது. ஒருவர் முதலில் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுக்கிறார், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே வந்து விழுகிறது. மேகசின் இன்னும் உள்ளே இருப்பதால், ஸ்லைடு திரும்பிப் போகும்போது அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிடுகிறது. அப்புறம் மேகசினை உருவி மேசையில் வைக்கிறார். கண்ணெதிரே மேகசின், பக்கத்திலே ஒரு தோட்டா. மனசு காலி என்று சொல்கிறது, சேம்பரில் ஒன்று இருக்கிறது. க்ளாக் போன்ற பிஸ்டல்களைப் பிரிக்கும் முன் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள், 'சுத்தம் செய்தபோது' செய்திகளில் ஒரு பகுதி புரிந்துவிடும். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, ஸ்லைடைத் திறந்தே நிறுத்திவிட்டுச் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்ப்பது. வரிசை இதுதான்.

குழல் எங்கே பார்க்கிறது என்பதை நான் கற்றது என்.சி.சி. முகாமில். பாயின்ட் 22 ரைஃபிள், குப்புறப்படுத்துச் சுடும் பயிற்சி. எனக்கு இரண்டு ஆள் தள்ளிப் படுத்திருந்தவன் ட்ரிகரை அழுத்தினான், 'டிக்' என்றது, சுடவில்லை. "உஸ்தாத், சுடலை" என்று கேட்கத் திரும்பினான். தலையை மட்டும் திருப்பியிருந்தால் சரி. அவன் உடம்போடு திரும்பினான், ரைஃபிளும் கூடவே திரும்பியது. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் ஒரே எட்டில் வந்து குழலைப் பூட்ஸால் மண்ணோடு அழுத்தினார். திட்டவில்லை. முன்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்லி அரை நிமிடம் காத்திருந்தார். பிறகுதான் சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்தார். வெளியே வந்த தோட்டாவின் விளிம்பில் ஊசி லேசாகப் பட்ட தடம் இருந்தது. வெடிமருந்து சில நேரம் தாமதமாகப் பற்றும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு.

விரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, நீட்டி வைத்திருங்கள். ஆனால் கைநழுவி விழும் துப்பாக்கியைத் தாவிப் பிடிப்பதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. தாவும் கையின் விரல் நேராக ட்ரிகரில்தான் போய் மாட்டும். விழட்டும், விடுங்கள். சரி, விழுந்தே வெடித்தால்? பழைய வகை ரிவால்வர்களில் தோட்டாவைத் தட்டும் சுத்தியலின் முனை அதை ஒட்டியே இருக்கும், தரையில் மோதினால் வெடிக்கலாம். அதனால்தான் அந்தக் காலத்தில் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேராக இருப்பதைக் காலியாக விட்டார்கள். 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய ரிவால்வர் குண்டே பாய்ந்தது. கைதவறி விழுந்து வெடித்தது என்று அவர் தரப்பு சொன்னது. சேஃப்டி லாக்கும் ஒரு இரும்புத் துண்டுதான், தேயும். அதை நம்பிக் குழலைத் திருப்பாதீர்கள்.

நாட்டுத் துப்பாக்கி வேறு ரகம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது தனிக் குற்றம், அது இருக்கட்டும். 12 போர் (குழலின் அளவு) துப்பாக்கியை மடித்துத் திறந்தால் குழல் வழியே வெளிச்சம் தெரியும். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் அப்படி எதுவும் தெரியாது. மருந்துக்குத் தீப்பொறி கொடுக்கும் சின்ன மூடியான 'கேப்'பை எடுத்துவிட்டால் போதும் என்பார்கள். மருந்தும் ரவைக் குண்டுகளும் உள்ளேதானே இருக்கின்றன? இதற்கு ஒரு பழைய வழி உண்டு. குழல் வாய்க்கு மேலே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல், கெட்டிக்கும் கம்பியைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே விட்டு, வாயோடு ஒரு அடையாளம் போட வேண்டும். பிறகு அதே கம்பியைக் குழலுக்கு வெளியே வைத்து அளக்க வேண்டும். கம்பி அடிவரை போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

குறிக்குப் பின்னால் இருப்பதை மறப்பதும் தவறுதான். பாயின்ட் 22 சின்னக் குண்டு, ஆனாலும் ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் 2021 டிசம்பர் 30 அன்று, பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தூரத்தில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். மேலே சுடும் குண்டும் எங்கோ இறங்கத்தான் செய்யும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களுக்காகவே 2019 சட்டத் திருத்தத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை என்று எழுதினார்கள்.

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கும்போதும் இதே கதைதான். இத்தனை நாள் ஸ்டேஷனில் இருந்தது காலியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். குழலைத் தரைப்பக்கம் வைத்து, கொடுத்தவர் முன்னாலேயே திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முகாமில் தினமும் சாயங்காலம் 'ஜாஞ்ச் சஸ்த்ர்', அதாவது ஆயுதத்தைச் சோதனைக்குக் காட்டு என்று இந்தியில் குரல் வரும். போல்ட்டைத் திறந்து நீட்டிக்கொண்டு நிற்போம். உஸ்தாத் ஒவ்வொரு ரைஃபிளாகக் குனிந்து பார்ப்பார், வெளிச்சம் குறைந்துவிட்டால் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பார். அன்று ஒரு ரவுண்டு கூடச் சுடாத ரைஃபிள்களிலும் அந்தச் சுண்டுவிரல் போய் வரும்.