மம்பட்டிக்குத் தப்பிய மஞ்சள் கோட்டுக்காரர்

கம்பளைப் பக்கம் எங்கள் லயத்துக்குப் பின்னால், பீலித் தண்ணீர் வழிகிற ஓரத்தில் ஒரு போஞ்சித் தோட்டம் வைத்திருக்கிறேன். போன மழையில் குப்பையைக் கிளறும்போது ஒன்று நெளிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் "பாம்பு!" என்று மம்பட்டியை ஓங்கிவிட்டார். நல்ல வேளை, கையைப் பிடித்தேன்.

அது தவளையின் சொந்தக்காரர்: காலில்லாத ஈரூடகவாழி, சிசிலியன். இந்தக் கூட்டம் டைனோசர் காலத்திலிருந்தே வருகிறது. அரிசோனாவில் கிடைத்த ஏறக்குறைய 19 கோடி வருடப் பழைய புதைபடிவத்தில் குட்டிக் கால்கள்கூட இருந்தன.

அடையாளம் பார்ப்பது எப்படி? முதலில் தோலைப் பாருங்கள். செதில் பளபளப்பு இருக்காது. ஈரமாக வழவழக்கும், உடம்பெல்லாம் நெருக்கமான வளையங்கள். இந்த வகைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு ஓடும். கண் சின்னப் புள்ளிதான். வால் இருக்கிறதா என்றே தெரியாது. மண்புழுவா என்று சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள், தாடை இருக்கும்.

தேட வேண்டுமென்றால் மழைக்கு அப்புறம், ஓடையோர ஈரமண்ணில், மட்கிய இலைக்கடியில் கையால் மெதுவாக விலக்குங்கள். மம்பட்டி வேண்டவே வேண்டாம். சுருண்டு கிடந்து நடுவில் முட்டைக் கொத்து தெரிந்தால் அது தாய், காவல் இருக்கிறது, சத்தமில்லாமல் மூடிவிடுங்கள். 1880களில் பால் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவுக்கார சுவிஸ் விஞ்ஞானிகள் இருவர் இலங்கைக்கு வந்து ஆராய்ந்ததும் இதன் வளர்ச்சியைத்தான்.

தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் கையைக் கழுவுங்கள், தோல் சளி எரிக்கும். அண்ணன் இப்போது குப்பையைக் குச்சியால்தான் கிளறுகிறார்.