படத்தில் தெரிகிற புகை மூக்கிலும் ஏறுமா?

கனடாவில் காட்டுத்தீ தொடங்கினால் போதும், யாராவது நாசாவின் சாட்டிலைட் படத் தளமான வேர்ல்ட்வியூவைத் திறந்து ஒரு படத்தை வெட்டி, "புகை நம்ம ஊருக்கு வந்துவிட்டது" என்று வாட்ஸப்பில் போட்டுவிடுகிறார். திட்ட மனசு வரவில்லை, நானும் அப்படிப் போட்டவன்தான். மேகத்தைப் புகை என்று நினைப்பதெல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

உயரத்தை மறப்பது

2023 மே. மேற்குக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் காடு எரிகிறது, நான் இருப்பது கிழக்கே டொராண்டோவில். நடுவே 2,500 கிலோமீட்டருக்கு மேல். படத்தில் பழுப்புப் பட்டை ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே வந்து படுத்திருந்தது. சித்தி வீட்டில் பேத்தியின் பிறந்தநாளைப் பார்க்கில் வைத்திருந்தார்கள். போனில் மன்றாடி நிறுத்தினேன். அன்றைக்கு வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது, மாலைச் சூரியன் செக்கச்செவேல் என்று இருந்தது, அவ்வளவுதான். காற்றிலுள்ள நுண்துகளை (பிஎம் 2.5) அளக்கும் தரைக்கருவிகளில் வழக்கமான எண்தான்.

சாட்டிலைட் மேலேயிருந்து பார்க்கிறது. தரையிலிருந்து வானம் வரை உள்ள புகை முழுவதும் அதற்கு ஒரே படலம்; நாலு கிலோமீட்டர் உயரத்தில் போகிற புகையும் தெருவில் நிற்கிற புகையும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய தீயின் சூடு புகையைப் பல கிலோமீட்டர் தூக்கிவிடுகிறது, மேல்காற்று அதை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தரையைத் தொடாமலே கொண்டுபோகும், காற்று கீழிறங்கும் இடத்தில்தான் புகையும் இறங்கும்.

சரி, ஒரு பிறந்தநாள்தானே என்று விடலாம். ஆனால் ஜூனில் பக்கத்து மாகாணமான கியூபெக்கில் காடு எரிந்தது. கண்டத்தின் வடகிழக்குக் கரையோரம் நின்ற காற்றழுத்தத் தாழ்வு அந்தப் புகையைத் தெற்கே இழுத்தது, இந்தத் தடவை தரையோடு தரையாக. 7ஆம் தேதி நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானதே, அதே வாரம். மறுபடி போன் செய்தேன். "போன மாசமும் இதைத்தானே சொன்னாய்" என்றார் சித்தி. ஆஸ்துமாக்காரரான சித்தப்பா வழக்கம்போல நடக்கப் போனார், மூன்று நாள் இன்ஹேலரும் கையுமாகக் கிடந்தார். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான், அவர்மேல் அல்ல.

இப்போது படத்தைப் பார்த்ததும் முதலில் தரைக்கருவியின் எண்ணைப் பார்க்கிறேன். அப்புறம் சென்டினல்-5பி சாட்டிலைட்டில் உள்ள ட்ரோபோமி என்ற கருவி தரும் புகைப் படலத்தின் உயரம். அதுவும் போதாவிட்டால், காற்று வந்த வழியைக் கணக்கிடும் ஹைஸ்பிளிட் மென்பொருளில் 500 மீட்டர் உயரத்துக்கு ஒன்று, 3,000 மீட்டர் உயரத்துக்கு ஒன்று என்று காற்றின் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பேன். இதெல்லாம் முடிகிற வரை யாருக்கும் போன் கிடையாது.

வெற்றுக் கட்டங்கள்

ஏரோசல் (காற்றில் மிதக்கும் துகள்) வரைபடத்தில் நடுவே ஓட்டை விழுந்திருந்தால் காற்று சுத்தம் என்று படிக்காதீர்கள். மிக அடர்ந்த புகையை மென்பொருள் மேகம் என்று எண்ணி ஒதுக்கியிருக்கலாம்.

ராத்திரி

ராத்திரிப் படத்தில் புகையைக் காணோம் என்றால் அது கலையவில்லை. இருட்டில் எடுக்கிற இன்ஃப்ராரெட் (வெப்பக் கதிர்) படத்தில் புகை சரியாகத் தெரியாது, அவ்வளவுதான்.

சாய்ந்த வெயில்

கோஸ் (GOES) என்ற அமெரிக்க வானிலை சாட்டிலைட் படங்களில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது புகை பளிச்சென்று தடிப்பாகத் தெரியும், நண்பகலில் மங்கும். புகை கூடிக் குறைந்ததாகக் கதை கட்டாதீர்கள், ஒளி சிதறும் கோணம் மாறியிருக்கிறது.

சிவப்புப் புள்ளிகள்

படத்தில் தீ என்று காட்டும் சிவப்புப் புள்ளி, வெப்பம் தெரிந்த கட்டத்தின் நடுப்புள்ளிதான், எரிந்த பரப்பு இல்லை. ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் எரியவிடும் வாயுவாகவும் இருக்கலாம்.